அடுப்பு எரியாத வீடு

நியூ ஜெர்சிக்கு வந்த இரண்டாம் வருடமே என் கணவர் திடீரென இறந்துபோனார். நண்பர்கள், "எது வேணும்னாலும் கால் பண்ணு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள். சாவு வீட்டில் அடுப்பு மூட்டக் கூடாதே என்று நானும் மகளும் பட்டினியாகக் கிடந்தோம்.

பக்கத்து வீட்டில் தனியாக வாழ்ந்த இத்தாலிய மரியா ஆன்ட்டி, எங்களுக்காகக் கறி சேர்க்காத பாஸ்தாவைச் சுடச்சுடக் கொண்டு வந்தார். துக்க வீட்டுக்கு அக்கம்பக்கத்தார்தான் சமைத்துக் கொடுக்க வேண்டும் என்பது அவர்கள் குடும்ப வழக்கமாம். "தனியாகச் சாப்பிடவும் விட மாட்டோம்" என்று எங்களோடு உட்கார்ந்து சாப்பிட்டார்.

போன மாதம் அவரும் இறந்தார். செய்தி கேட்டதும் அவர் வீட்டுக்குக் கொண்டுபோகச் சாதம் வைத்தேன்.

"பட் அம்மா, அங்கே சாப்பிட யாருமே இல்லையே" என்றாள் மகள்.

அடுப்பை அணைத்தேன். அவருக்காகத் துக்கப்பட வேறு யாரும் இல்லாததால், அன்று சாவு வீடு எங்களுடையதுதான். சாப்பாடு கொண்டு வர யாரும் இல்லை.