‘கண்ணால பாத்தீங்களா நானா?’

யட்டியாந்தோட்டைக் கடைத்தெருவில் என் கடையைத் திறந்துகொண்டிருந்தபோது த்ரீவீலர் ஓட்டுகிற ரவி வந்து சொன்னார்: “புஷ்பராணி அம்மா போயிட்டாங்க.” நான் நம்பவில்லை. “நீங்க கண்ணால பாத்தீங்களா?” என்று கேட்டேன். கேட்ட பிறகுதான் அது என் கேள்வியல்ல, புஷ்பராணி அக்காவின் கேள்வி என்பது உறைத்தது. ரவி பார்த்திருந்தார். பாதி திறந்த கதவை மறுபடி இழுத்துச் சாத்தினேன்.

புஷ்பராணி அக்கா ரப்பர் பால் வெட்டியவரின் மகள். தோட்ட டிஸ்பென்சரியில் மிட்வைப்பாக, பிரசவம் பார்ப்பவராக இருந்து ஓய்வு பெற்றவர். அவரை அறியாதவர்களுக்கு ஒரே சொல்லில் சொல்வதானால், சந்தேகக்காரர். மீன்காரர் ‘இன்னைக்குப் புடிச்சது’ என்றால் செவுளைத் தூக்கிப் பார்ப்பார். அமைச்சர் சிரித்தால், எதற்குச் சிரிக்கிறார் என்பார். அவருடைய அப்பா, தோட்டத் தமிழர்களுக்கு மறுக்கப்பட்ட பிரஜாவுரிமை கிடைக்காமலே இறந்தவர். “நாட்டுக்குச் சுதந்திரம், இறைமை எல்லாம் இருந்துச்சு நானா, எங்கப்பாவுக்கு ஒரு ஓட்டு இல்ல” என்பார். நானா என்றால் அண்ணன். நான் அவரைவிட இளையவன்தான்; ஆனாலும் முஸ்லிம் ஆண்கள் எல்லாரும் அவருக்கு நானாதான். நாங்கள் இருவரும் ஒரே தேர்தல் கண்காணிப்புக் குழுவில் இருந்தோம். அவர் வாக்குப்பெட்டியை உற்றுப் பார்க்கிற பார்வையில் அதிகாரிகளுக்கே தங்கள் மேல் சந்தேகம் வந்துவிடும்.

சில வருடங்களுக்கு முன்பு, ஆபிரிக்க நாடு ஒன்றின் தேர்தலைப் பார்வையிட எங்கள் இருவரையும் அனுப்பினார்கள். நாட்டின் பெயரை எழுதப் போவதில்லை. “பேரச் சொன்னா ஒடனே ரெண்டு கட்சியா பிரிஞ்சி நிப்பாங்க, விசயத்தக் கேக்க மாட்டாங்க” என்பது அக்காவின் எண்ணம். ஒழுங்கான தேர்தல் நடத்தவில்லை என்று அந்த நாட்டின் மீது வெளிநாடுகள் பொருளாதாரத் தடை போட்டிருந்தன. அக்கா குடியிருந்த லயத்தில், தோட்டத்து வரிசை வீடுகளில், எல்லாரிடமும் விடைபெறப் போனபோது, தடையை ஆங்கிலத்தில் சொல்லப்போய், அந்த நாட்டுக்கு ‘சாங்ஷன்’ வந்திருக்கிறது என்று நான் சொல்லிவிட்டேன். பக்கத்து வீட்டுக் காளியம்மா முகமெல்லாம் சிரிப்பாக, “சாங்ஷன் ஆயிருச்சா? நல்லதுதானே!” என்றார். எங்கள் தோட்டங்களில் துரை லீவு கொடுத்தால் சாங்ஷன், வீட்டுக் கடன் கிடைத்தால் சாங்ஷன். அக்கா கண்ணில் நீர் வரச் சிரித்தார். பிறகு முகம் மாறியது. “குடுக்குறதுக்கும் புடுங்குறதுக்கும் ஒரே வார்த்த வச்சிருக்கானே, அவன நம்பலாமா?”

அங்கேயும் மலை, தேயிலை, லயம். தேர்தல் நாளில் சண்டை இல்லை, பெட்டிகளும் ஒழுங்காக இருந்தன. பார்வையாளர் குழுவில் இருந்த மற்றவர்களுக்குத் திருப்தி. ஆனால் வரிசைக்குப் பக்கத்தில் ஊர்த்தலைவர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அவரைத் தாண்டும்போது ஒவ்வொருவரும் தலை குனிந்தார்கள். அக்கா என் கையை இடித்தார். “தொர வந்தா நம்ம ஆளுங்க குனிவாங்களே, அதே குனிவுதான் நானா. இது மரியாத இல்ல.”

அன்று மாலை, கொழுந்து பறிக்கிற பெண்மணி ஒருவர் எங்களோடு பேசினார். அவருடைய மகளுக்கு வலிப்பு நோய். தடையினால்தான் மருந்து வருவதில்லை என்று டிஸ்பென்சரியில் சொல்கிறார்களாம். அக்கா அதையும் நம்பவில்லை. “தடையாலயா, இல்ல நடுவுல யாரும் திருடுறாங்களா?” என்று கேட்டார். எங்களோடு வந்த மொழிபெயர்ப்பாளர் கேட்டு ஆங்கிலத்தில் சொன்னார்: “ரெண்டும்தானாம். தேர்தல் சரியில்லைன்னு நீங்க சொன்னா தடை போகாதாம். சரின்னு சொன்னா, நாற்காலியில இருக்கிறவர் போகமாட்டாராம்.”

அன்றிரவு அக்கா சாப்பிடவில்லை. மறுநாள் குழுக் கூட்டத்தில் எழுந்து ஒரே மூச்சில் சொன்னார்: “இந்தத் தேர்தல் நியாயமாக நடக்கவில்லை, ஆனால் அதற்குத் தண்டனையாக ஒரு தாயின் மகளுக்கு மருந்தை நிறுத்துவதும் நியாயமில்லை.” இரண்டாவது பகுதி நம் வேலையில்லை என்றார் குழுத் தலைவர். அக்கா விடவில்லை. இரண்டும் ஒரே வாக்கியம், நடுவில் புள்ளி வைக்காதீர்கள் என்று கெஞ்சினார். அவர் யாரிடமும் கெஞ்சி நான் கண்டதில்லை.

புள்ளி வைத்தார்கள். வெளிநாட்டுச் செய்திகளில் முதல் பாதி வந்தது. அந்த நாட்டு அரசாங்க வானொலியில் இரண்டாம் பாதி வந்தது, முன்னும் பின்னும் ‘இறைமை’ என்ற சொல்லோடு. “வெட்டிட்டாங்க நானா, ஆளுக்கொரு துண்டு” என்றார் விமானத்தில். அதன்பிறகு அவர் எந்த வெளிநாட்டுக்கும் போகவில்லை.

ஆனால் அந்த நாட்டின் பெயர் செய்தியில் வந்தால் எனக்குப் போன் வரும். “அந்தப் புள்ளைக்கு மருந்து போய்ச் சேந்துச்சாமா?” போன மாதம் அவர் படுத்திருந்த ஆஸ்பத்திரியில் பார்த்தபோது, சில தடைகளை நீக்கிவிட்டார்களாம் என்று சொன்னேன். முகம் ஒரு கணம் மலர்ந்தது. அப்புறம் பழைய சந்தேகப் பார்வை. “கண்ணால பாத்தீங்களா நானா?”

மயானத்தில் இரண்டு அரசியல்வாதிகள் பேசினார்கள். நியாயமான தேர்தலுக்காகக் கடல் கடந்தும் குரல் கொடுத்தவர் என்றார் ஒருவர். வெளிநாட்டுத் தடையை எதிர்த்து ஒரு நாட்டின் இறைமைக்காக நின்றவர் என்றார் மற்றவர். ஆளுக்கொரு துண்டை எடுத்துக்கொண்டு வாகனத்தில் ஏறிப் போனார்கள். எனக்கு ஆத்திரமாக வந்தது. மண் போடுகிற இடத்தில் கத்தக் கூடாது என்று அடக்கிக்கொண்டேன்.

அக்கா, உங்கள் வாக்கியத்தை வெட்டாமல் மேலே எழுதியிருக்கிறேன். நடுவில் புள்ளி இல்லை. நீங்கள் அதைச் சொன்னதை நான் கண்ணால் பார்த்தேன். யார் கேட்டாலும் சொல்வேன். அந்தப் பிள்ளைக்கு மருந்து போய்ச் சேர்ந்ததை மட்டும் இன்னும் பார்க்கவில்லை. போய் வாருங்கள்.