மூக்குல அப்புன சந்தனம்

ஏண்டி, புதுக்காரு வாங்குனமா, ஏறிச் சுத்துனமான்னு இல்லாம, "ஒலகம் பூரா இதுக்கு ஒரே பேருதான், அதுக்கு ஏன் அப்பத்தா மூஞ்சியத் தூக்குற?"ன்னு என்னய எதுக்கு நோண்டுற? தெரிஞ்சு என்னத்தக் கிழிக்கப் போற? சரி, கேட்டுத் தொலை.

எனக்கு அப்ப ஒம்பது வயசு. எங்கய்யா கோட்டையூர்ல ஒரு பெரிய வீட்டுக்கு டிரைவரு. மொதலாளி பினாங்குல இருந்தாக. அங்க அவுக ஓட்டுற அதே காரு இங்கயும் வேணும்னு காயிதம் போட்டாக. எங்கய்யா மதராசுக்கு ரயிலேறிப் போயி, கடைக்காரன் குடுத்த வண்டிய ஓட்டியாந்தாரு. எழுத்துக் கூட்டத் தெரியாத மனுசன், பேரை எங்குட்டுப் படிக்கிறது?

வண்டி வாசலுக்கு வந்ததும் மொதலாளி வீட்டு ஆச்சி அது மூக்கு நெறையச் சந்தனத்த அப்பி, மாலையப் போட்டு, "அவுக வந்துதான் கழுவணும்"னுட்டாக. பேரு இருந்த எடம் பூராச் சந்தனத்துக்குள்ள.

மொதலாளி கப்பல்ல வந்து எறங்குனாக. ஊருசனம் பாக்கக் கழுவச் சொன்னாக. கழுவுனா, வேற பேரு! இங்க செய்யிறவன் அதே வண்டிக்குத் தன் பேரை ஒட்டி வச்சிருக்கான். ஒரே பேரை அப்பவே வச்சிருந்தா அவனுகளுக்கு என்ன கொள்ளையா போச்சு?

"சீமைக்காரை எங்கடா வித்த, திருட்டுப்பயலே?"ன்னு சாவியப் புடுங்கிட்டாக. எனக்கு வந்துச்சு பாரு கோவம்! மொதலாளி இடுப்புல தொங்குன பினாங்குச் சாவிக்கொத்துல அங்க இருக்க காரோட பேரு இருந்துச்சு. தெனமும் எங்கய்யாவோட சேந்து இந்த வண்டி என்சினைத் தொடைக்கிறவ நானு. படிக்கத் தெரியாட்டி என்ன, கோலத்த ஞாபகம் வைக்கிற மாதிரி அதுல இருந்த எழுத்தோட வளைவெல்லாம் மனசுல ஏறிருச்சு.

"மூடியத் தூக்கிப் பாருங்க மொதலாளி! உங்க சாவியில இருக்க எழுத்து உள்ள இரும்புலயும் இருக்கு!"ன்னு கத்துனேன்.

தூக்குனாக. பாத்தாக. ஊரே பாத்துச்சு. பேருதான் இங்கத்தது, என்சினு சீமையிலேருந்து வந்தது. தப்பாச் சொல்லிட்டேண்டான்னு ஒரு வார்த்தை? ஊஹூம். சாவியத் தரையில போட்டு, "சரி சரி, கண்ணாடியத் தொடை"ன்னாக. எங்கய்யாவும் குனிஞ்சு எடுத்துத் தொடைச்சாரு. குனிஞ்சாரேன்னு மூணு நாளு அவருகிட்ட நான் பேசல. வீட்டுல அஞ்சு வயிறு கெடந்தது என் புத்திக்கு எட்டல.

சாயந்தரம் ஊருணியில தண்ணி மோக்க வந்தவளுக எங்காத்தாவச் சுத்திக்கிட்டு, என்னடி நடந்துச்சுன்னு கேட்டாளுக. நான் சொல்ல வாயத் தொறந்தேன். தொடையில நறுக்குன்னு ஒரு கிள்ளு. கிள்ளிக்கிட்டே ஆத்தா சிரிச்ச மொகமாச் சொன்னா:

"மொதலாளி கண்ணு கலங்கி, இவுக கையப் புடிச்சுல்ல கெஞ்சுனாக. போனாப் போகுதுன்னு இவுகதான் சாவிய வாங்கிக்கிட்டாக."