ஊறுகாய்ப் புல்லும் ஒரு கை உப்பும்

எழுபதுகளில் எருத்தேன்பதியில் வேலை பார்த்தபோது, நான் பால் வாங்கிய வீட்டு அம்மாள் நல்ல உயரம். நடக்கும்போது முன்னால் சற்றே சாய்ந்திருப்பார். தவிடோ புண்ணாக்கோ, ஒரு சிட்டிகை தம் வாயில் போட்டுப் பார்க்காமல் மாட்டுக்கு வைக்க மாட்டார்.

ஓர் ஐப்பசியில் அவர் கணவர் பூத்து நின்ற தீவனச் சோளத்தை அறுத்து, நறுக்கி, குழியில் கொட்டினார். குடும்பமே இறங்கி மிதித்தது, நானும் மிதித்தேன். மேலே மண் போட்டு மூடிவிட்டு, "கோடைக்கு ஊறுகாய்ப் புல்லு" என்றார் அவர்.

"அழுகிப் போச்சுன்னா செவலை மாட்டத்தான் விக்கோணும், பாத்துக்குங்க" என்றார் அம்மாள்.

பங்குனியில் வைக்கோல் தீர்ந்தது. குழியைத் திறந்ததும் புளித்த வாடை அடித்தது. செவலைப் பசு முகர்ந்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டது. கணவரின் முகம் சுருங்கிவிட்டது.

"ஏனுங்க, கள்ளுக்கடையே வெச்சுப்போட்டீங்களா?" என்ற அம்மாள், வழக்கம்போல ஒரு சிட்டிகை எடுத்து மென்றார்.

"எப்படி இருக்குங்க?" என்றேன்.

"மாங்கா ஊறுகாயாட்டந்தானுங்க இருக்குது. உப்புத்தான் பத்தல."

உள்ளே போய் ஒரு கை உப்பு கொண்டுவந்து தூவினார். செவலை நாக்கை நீட்டியது. பிறகு தலையைத் தூக்கவே இல்லை. கணவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

அடுத்த ஐப்பசியில் மிதிக்கப் போனபோது குழியோரம் உப்பு மூட்டை தயாராக இருந்தது. பசு மசிந்தது உப்புக்கா, அம்மாள் மென்றதைப் பார்த்தா என்பது மட்டும் எனக்கு இன்றுவரை தெளிவாகவில்லை.