லோம்வியின் காலணி வரிசை

யூருனுக்குக் கோணல் என்றால் ஆகாது. வாலோயா தீவில் தனியாக இருக்கும் முதியவர்களின் வீடுகளுக்குப் போய் உதவுவது அவள் வேலை. மாத்திரை எடுத்துக்கொடுப்பாள், வீங்கின கால்களுக்கு இறுக்கமான காலுறை மாட்டிவிடுவாள், காபி போடுவாள். ஆனால் எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் முதல் காரியம், வாசலில் தாறுமாறாகக் கிடக்கும் காலணிகளை ஜோடி சேர்த்துச் சுவரோரம் நேராக வைப்பதுதான். பேசிக்கொண்டிருக்கும்போதே எழுந்துபோய்ச் சாய்ந்த படத்தை நிமிர்த்துவாள். யாரும் கேட்டதில்லை, அவளும் விட்டதில்லை.

“இவளைப் புதைச்சா, பக்கத்துக் கல்லறைக் கல்லு கோணையா இருக்குன்னு எந்திரிச்சு வந்துடுவா” என்பான் ஷெட்டில். சால்மன் மீன் பண்ணையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். படகு அவனுடையது. சனிக்கிழமைகளில் அவளோடு கடலுக்குள் முக்குளிக்கிற துணையும் அவன்தான்.

சனிக்கிழமை யூருன் வேறு ஆள். கழுத்துவரை இறுக்கும், தண்ணீர் புகாத உடுப்பு, முதுகில் இரட்டைச் சிலிண்டர், கையில் டார்ச். தீவின் முக்குளிப்புச் சங்கத்துக்கு அவளே தலைவி. அந்தச் சங்கத்துக்கு இருந்த ஒரே சொத்து லோம்வி.

லோம்வி ஒரு சின்ன நீராவிக் கப்பல். தீவுக்கும் நகரத்துக்கும் நடுவே ஆளையும் பாலையும் தபாலையும் ஏற்றிப்போனது. இரண்டாம் உலகப் போரின் கடைசி இலையுதிர் காலத்தில் அதை எதிரியின் சரக்குக் கப்பல் என்று நினைத்து விமானங்கள் குண்டு போட்டு மூழ்கடித்துவிட்டன. செத்தவர்கள் பெரும்பாலும் பெண்களும் பிள்ளைகளும். இன்றும் அது ஃபியோர்டு என்கிற குறுகிய கடற்கழியின் அடியில், சேற்றில் நேராக உட்கார்ந்திருக்கிறது.

முன்பெல்லாம் வருகிறவன் போகிறவன் எல்லாம் பித்தளை ஜன்னல் வளையத்தைக் கழற்றிக்கொண்டு போனான். யூருன் தலைவியானதும் அதற்கு முற்றுப்புள்ளி வைத்தாள். அப்புறம் லோம்வியிலிருந்து ஒரு தேக்கரண்டிகூட மேலே வந்ததில்லை. இதைச் சொல்லும்போது அவள் முகத்தில் ஒரு பெருமை வரும், வரட்டும், நியாயமான பெருமைதான். எடுக்கக்கூடாது என்று சட்டம் போட்டவளுக்கு, நகர்த்தக்கூடாது என்று போடத் தோன்றவில்லை. முக்குளிக்கிற நல்லவர்கள் எல்லாரும் சறுக்குகிற இடம் இது. மேலே கொண்டுவரவில்லையே, அப்புறம் என்ன பாவம் என்று நினைத்துக்கொள்வார்கள்.

அந்தக் குளிர்ந்த சேற்றில் எலும்பு கரைந்துவிடும், தோல் கரையாது. முக்குளிக்கிறவர்களுக்கு இது பாலபாடம்: ஒரு ஜோடிக் காலணி அருகருகே கிடந்தால், அங்கே ஓர் ஆள் கிடந்தார் என்று பொருள். யூருன் அந்த இடங்களில் டார்ச்சைத் தாழ்த்தி, மூச்சை அடக்கி ஒதுங்கிப் போவாள். வெளியூர்க்காரர்கள் அப்படியா? போன கோடையில் பெர்கன் நகரத்திலிருந்து வந்த ஒரு தடியன் திரும்பும்போது நீச்சல் துடுப்பு மாட்டிய காலை வீசி உதைத்தான். ஒரு பூட்ஸ் உருண்டு கொதிகலன் அறைக்குள் விழுந்து போயே போய்விட்டது. அது யூருனை உறுத்திக்கொண்டே இருந்தது.

இந்த மே மாதம் ஷெட்டிலுக்குச் சளி, காது அடைத்திருந்தது. அவன் படகிலேயே இருக்க, அவள் தனியாக இறங்கினாள். தனியாக இறங்கக்கூடாது என்பது சங்க விதி, அதை எழுதினவளே மீறினாள். உள்ளே போய், உதைபடக்கூடிய இடங்களில் கிடந்த காலணிகளை எல்லாம் ஒவ்வொன்றாக எடுத்துக் கீழ்த்தளத்தில் பெண்கள் அறையின் நீளப் பெஞ்சில் கொண்டுவந்து வைத்தாள். ஜோடி ஜோடியாக, மூக்கு முன்னே பார்க்க, வீட்டு வாசலில் வைக்கிற மாதிரி. ஒரு குழந்தையின் பூட்ஸுக்குப் பக்கத்தில் ஒரு பெண்ணின் வார் வைத்த காலணியை வைத்தாள். பொருத்தமாக இருந்தது என்பதைத் தவிர அதற்கு வேறு காரணம் இல்லை.

ஜூனில் வந்த ஒரு புகைப்படக்காரர் கீழே இறங்கி அந்தப் பெஞ்சைப் படமெடுத்தார். அது பத்திரிகையில் அரைப்பக்கத்துக்கு வந்தது. பார்த்தவர்கள் கண் கலங்கினார்கள். பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்தது அங்கேதான்.

ஹல்டிஸ் என்ற கிழவியின் வீட்டுக்கு யூருன் தினமும் காலையில் போவாள். படம் வந்த அன்று கிழவி காலுறை மாட்டக் காலை நீட்டவில்லை. மேஜையில் பத்திரிகை, அதன்மேல் பூதக்கண்ணாடி.

“இங்க வா. இது யாரு பூட்ஸு தெரியுமா? என் தம்பி ஏனாரோடது.”

“எப்படிச் சொல்றீங்க ஹல்டிஸம்மா?”

“மூக்குல செம்புத் தகடு பாரு. எங்கப்பா படகுத் தகட்டை வெட்டி அடிச்சது. ஒரு ஆணி கோணையாப் போயிடுச்சுன்னு அம்மா ஒரு வாரம் கிண்டல் பண்ணினா. இந்தா, அந்த ஆணி.” விரல் பக்கத்துக் காலணிக்கு நகர்ந்தது. “இது அம்மாவோடது. இந்த வாரை நான்தான் மாட்டிவிடுவேன்.”

ஹல்டிஸின் கதை தீவில் எல்லாருக்கும் தெரியும். அவளுக்கு ஆறு வயது, தட்டம்மை வந்து சித்தி வீட்டில் கிடந்தாள். அம்மா தம்பியைக் காதுவலிக்கு மருத்துவரிடம் காட்ட லோம்வியில் கூட்டிப்போனாள். இரண்டு பேருமே திரும்பவில்லை. உயிரோடு கரை சேர்ந்த சிலரில் ஒருவன் அன்ஸ்கர், மேல்தளத்தில் வேலை பார்த்த பதினாறு வயசுப் பையன். கடையில் அவன் ஒரே ஒரு முறை வாய் திறந்தான்: அந்தம்மா பிள்ளை இல்லாமல் தனியாகப் படியேறி ஓடி வந்ததைப் பார்த்தேன் என்றான். போதாதா? ஊர் வாயை மூட உலைமூடி ஏது? பிள்ளையை விட்டுவிட்டு ஓடினவள் என்று பேர் ஆகிவிட்டது. ஹல்டிஸ் அந்தப் பேருக்குக் கீழேயே வளர்ந்தாள், அந்தப் பேரோடுதான் பள்ளிக்கூடம் போனாள். கல்யாணம் செய்துகொண்டும் பிள்ளை வேண்டாம் என்றாள். ‘எனக்கும் அந்த ஓட்டம் இருந்துச்சுன்னா?’ என்று ஒருநாள் யூருனிடமே சொல்லியிருக்கிறாள்.

“ஓடல பாத்தியா?” ஹல்டிஸ் அழுகையும் சிரிப்புமாக அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். “புள்ள பக்கத்துலயே இருந்திருக்கா. இப்படித்தானே கிடந்துச்சு, பக்கத்துல பக்கத்துல?”

அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு வேறு என்ன சொல்வது?

“ஆமா” என்றாள் யூருன்.

அன்று முழுக்க அவள் தனக்குத்தானே வக்கீலாக வாதாடினாள். யாருக்கு என்ன நஷ்டம்? செத்தவர்கள் வழக்குப் போடப் போவதில்லை. எண்பத்தைந்து வயதில் ஒரு மனுஷி நிம்மதியாகத் தூங்கட்டுமே.

நஷ்டம் யாருக்கு என்று வெள்ளிக்கிழமை தெரிந்தது. படகுக் கொட்டகையில் அவள் சிலிண்டருக்குக் காற்று நிரப்பிக்கொண்டிருந்தபோது ஷெட்டில் வந்து, கம்ப்ரஸரை அணைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தான். அன்ஸ்கர் அவனுடைய அப்பா.

“கடையில, காபி மேஜைகிட்ட, அத்தனை பேரு முன்னாடி ஹல்டிஸ் என்னைக் கூப்பிட்டா. ‘உங்கப்பன் பொய்யன்’னா. ஞாயித்துக்கிழமை லோம்வி நினைவுக்கல்லு கிட்ட நடக்கற கூட்டத்துலயும் சொல்லப்போறாளாம். இத்தனை வருஷமா அந்தக் கூட்டத்துக்கு அவ காலடி வெச்சதில்ல, இப்ப மைக்கு கேட்டிருக்கா.”

யூருன் குழாயைத் துடைத்தாள். துடைத்த இடத்தையே திரும்பத் துடைத்தாள்.

“எங்கப்பா அதுக்கப்புறம் படுத்துத் தூங்கினதே இல்ல, நாற்காலியிலதான். ஏன்டா வாயத் திறந்தோம்னு வருத்தப்பட்டே செத்தாரு. ஆனா பாக்காததைச் சொல்லல. யூருன், என்னைப் பாரு. அந்த ரெண்டு ஜோடியும் எங்க கிடந்துச்சு?”

“பூட்ஸு கீழ, அந்த ரூம்ல.”

“இன்னொண்ணு?”

“படிக்கட்டுல. நடுவுல திரும்புற எடம் இருக்கே, அங்க.” துடைத்த துணியைக் கீழே வைத்தாள். “நான்தான் எடுத்து வெச்சேன். எல்லாத்தையும். உனக்குச் சளின்னு மேலயே இருந்தியே, அன்னிக்கு.”

ஷெட்டில் தரையைப் பார்த்தபடி உள்ளங்கைகளைத் தேய்த்தான். கத்தியிருந்தால் அவளுக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

“அடுக்கி வெச்சியா?” என்றான் கடைசியில். “செத்தவங்க வீட்டுலயும் போயி அடுக்கி வெச்சியா தாயே?” எழுந்தான். “நான் யார்கிட்டயும் மூச்சு விட மாட்டேன். எங்கப்பன் பொய்யனாவே இருக்கட்டுமா, இல்ல நீ போயிச் சொல்றியான்னு நீயே முடிவு பண்ணிக்கோ.”

“நாளைக்குக் கூட வா. இன்னொரு தடவ பாத்துக்கறேன். சொல்றதுன்னா சரியாச் சொல்லணும்.”

மறுநாள் இருவரும் கயிற்றைப் பிடித்து இறங்கினார்கள். வெளிச்சம் பச்சையாகி, பிறகு கறுத்தது. கப்பலின் மேல்தளம் டார்ச்சில் எழும்பி வந்தது. படிக்கட்டின் மேல்வாயில் ஷெட்டில் நின்றுகொண்டான், அவள் மட்டும் உள்ளே இறங்கினாள். திருப்பத்தில் ஒரு தகர வாளி கிடந்தது. ஆமாம், அதன் பக்கத்தில்தான். சேற்றில் ஒரு தடமாவது மிச்சம் இருக்கும் என்று முகத்தைத் தரையோடு வைத்துப் பார்த்தாள். மே மாதத்திலிருந்து எத்தனை பேருடைய துடுப்புக்கால்கள்! வண்டல் வழவழவென்று மூடிக் கிடந்தது. தன் மூச்சுக் குமிழிகள் கூரையில் மோதும் சத்தம் அவளுக்கு அருவருப்பாக இருந்தது. கீழே பெஞ்சில் அந்த வரிசை அப்படியே நேராக இருந்தது. அவள் கிட்டே போகவில்லை.

மேலே ஏறும்போது, ஆழத்தில் உடம்பில் சேர்ந்த வாயு வெளியேறக் கயிற்றில் தொங்கிக் காத்திருக்க வேண்டும். அந்த நேரத்தில் ஷெட்டில் கண்ணாடி வழியாக அவளைப் பார்த்தான். அவள் தலையை ஆட்டினாள், சொல்லிவிடுகிறேன் என்று.

ஞாயிற்றுக்கிழமை காலை ஹல்டிஸ் சர்ச்சுக்குப் போடுகிற கறுப்பு உடுப்பில் உட்கார்ந்திருந்தாள். மார்பில் அலங்காரத்துக்குக் குத்திய வெள்ளி ஊசி. அவ்வளவு அழகாக யூருன் அவளைப் பார்த்ததே இல்லை, அதுவே அவளுக்குப் பொறுக்கவில்லை. காலுறையைக் கையில் வைத்தபடி தரையில் மண்டியிட்டு, அண்ணாந்து பார்க்காமலே சொன்னாள்.

“நான் உங்ககிட்ட பொய் சொன்னேன் ஹல்டிஸம்மா. அது பக்கத்துல பக்கத்துல இல்ல. நான்தான் அப்படி வெச்சேன். உங்கம்மாவோட ஷூ படிக்கட்டுத் திருப்பத்துல கிடந்துச்சு.”

கிழவி கத்துவாள், துரத்துவாள் என்று யூருன் தோளைக் குறுக்கிக்கொண்டிருந்தாள். ஹல்டிஸ் கத்தவில்லை. கணக்குப் போடுகிறவள் போலப் புருவத்தைச் சுருக்கி யோசித்தாள்.

“திருப்பத்துல,” என்றாள். “அப்ப மேல வந்திருக்கா. அன்ஸ்கர் பாத்தது நெசம். ஆனா அவன் உடனே தண்ணியில குதிச்சிட்டான். அதுக்கப்புறம் அவ என்ன பண்ணினான்னு அவனுக்குத் தெரியாது.” அவள் முன்னால் சாய்ந்தாள். கண்ணில் ஒரு வெளிச்சம் வந்திருந்தது. “திரும்பி இறங்கியிருக்கலாமில்ல? வழி இருக்கான்னு பாக்க ஏறிட்டு, புள்ளையக் கூட்டிவரத் திரும்பியிருக்கலாமில்ல? யூருன், அந்த ஷூ மூக்கு எந்தப் பக்கம் பாத்து இருந்துச்சு? மேலயா, கீழயா?”

யூருன் நிமிர்ந்தாள். இந்தக் கேள்வி அவளுக்குத் தோன்றவே இல்லை. கப்பலின் ஒவ்வொரு கதவையும் அளந்து வரைபடம் போட்டவள், படகிலும் கொட்டகையிலும் நேற்று வண்டலில் முகம் வைத்தும் யோசித்தவள், இதை மட்டும் யோசிக்கவில்லை. கண்ணை மூடி அந்த மே மாதக் கணத்தைத் தேடினாள். தன் கை நீள்வது தெரிந்தது, கையில் அந்தத் தோலின் வழுவழுப்பு தெரிந்தது. கைக்குக் கீழே எப்படிக் கிடந்தது என்பது தெரியவில்லை. கோணலாகக் கிடந்தது, எடுத்தாள். அவ்வளவுதான்.

‘கீழ’ என்ற வார்த்தை நாக்கின் நுனிவரை வந்துவிட்டது. ஒரே ஒரு வார்த்தை. அதைச் சொன்னால் கிழவிக்கு அம்மா கிடைத்துவிடுவாள், ஷெட்டிலின் அப்பாவும் பொய்யன் ஆகமாட்டார். ஆனால் ‘ஆமா’ என்று ஏற்கெனவே ஒரு வார்த்தை சொல்லித்தான் இங்கே மண்டியிட்டிருக்கிறாள்.

“தெரியல,” என்றாள். “நான் பாக்கல.”

ஹல்டிஸ் மெல்லப் பின்னால் சாய்ந்தாள். வெளிச்சம் அணைவதை யூருன் கண்ணால் பார்த்தாள்.

“ஷெட்டிலுக்கு ஃபோனைப் போடு” என்றாள்.

யூருன் எண்ணை அழுத்திக் கொடுத்தாள். கிழவி ஃபோனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். “ஷெட்டில், நான் ஹல்டிஸ். உங்கப்பா பொய் சொல்லலப்பா. எங்கம்மா தனியாத்தான் ஏறி வந்திருக்கா. கடையில நான் சொன்னது தப்பு. அங்க இருந்த அத்தனை பேருகிட்டயும் சொல்லிடு, நானே சொன்னேன்னு. இல்ல, இன்னிக்கு நான் வரல.” அந்தப் பக்கம் அவன் ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தான். அவள் கேட்காமல் வைத்துவிட்டாள்.

பிறகு மார்பிலிருந்து வெள்ளி ஊசியைக் கழற்ற முயன்றாள். விரல் ஒத்துழைக்கவில்லை. உதவப் போன யூருனின் கையைத் தள்ளவில்லை, பார்க்கவும் இல்லை.

“இத்தனை வருஷம் அது அங்கயேதான் இருந்துச்சு, யூருன். மீனு தொடல, தண்ணி தொடல,” என்றாள். “எடுக்கறதுக்கு முன்னாடி ஒரு தடவ பாத்திருக்கக் கூடாதா?”