மூடையைவிட்டு இறங்காதவள்

ஓடைப்பட்டிப் பஞ்சம்மாளுக்கு வாய் கூடுதல் என்பார்கள். புருஷன் சீனிச்சாமி வாய் திறக்காத பிறவி. வீட்டுக்கு வேண்டியதையெல்லாம் அவளேதான் பேசித் தீர்க்க வேண்டியிருந்தது.

1936-இல் அவர்கள் மகன் கர்ணன் மதுரைக் கல்லூரியில் இண்டர்மீடியட் படிக்க இடம் வாங்கிவிட்டான். ஆனி பிறப்பதற்குள் சம்பளம் கட்டாவிட்டால் அந்த இடம் வேறொருவனுக்கு.

அவர்கள் பருத்தி போடும் தேனி மண்டியில் மூடைக்கு இவ்வளவு என்று மகமை பிடிப்பார்கள். கல்லூரிப் பிள்ளைகளுக்கு உபகாரச் சம்பளம் கொடுப்பதற்கான தர்மக் காசு அது. சீனிச்சாமி துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போய்க் கேட்டான். மண்டிக்காரர் பொன்னுராஜ், "அது எங்காளுக புள்ளைகளுக்குப்பா" என்று சொல்லி, மோர் கொடுத்து அனுப்பிவிட்டார்.

"மோரு நல்லா இருந்துச்சா?" என்று மட்டும் கேட்டாள் பஞ்சம்மாள்.

மறுவாரம் பருத்தி வண்டியோடு அவளும் போனாள். தராசுக்காரன் முதல் மூடைக்குக் கொக்கி மாட்ட வந்தபோது, அதன்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

"இந்தாத்தா, எறங்கு. பின்னால எத்தன வண்டி நிக்குது பாரு."

"நிக்கட்டும். மகமை புடிக்காம நிறுக்கிறதா இருந்தா எறங்குறேன்."

சத்தம் கேட்டு பொன்னுராஜ் வெளியே வந்தார். "என்ன தாயி இது? தர்மக் காசுல கை வைக்கலாமா?"

"கை வச்சது ஆரு அண்ணாச்சி? நான் வாக்கப்பட்டு வந்த நாளா எம் மூடையில புடிக்கிறீக. எம் மாமனார் இருக்கையிலயும் புடிச்சாக. புடிக்கையில மூடை எந்த ஆளுகளுதுன்னு கேட்டீகளா? குடுக்கையில மட்டும் ஆளு பாக்குறீக!"

பின்னால் நின்ற கெங்குவார்பட்டி வண்டிக்காரர் சிரித்துவிட்டார். "ஆத்தா கேக்குறது சரிதானே? எனக்கும் மகமை புடிக்க வேண்டாம்" என்று மாட்டை அவிழ்த்துக் கட்டினார். அவரைப் பார்த்து அடுத்தவர், அவரைப் பார்த்து இன்னொருவர். உச்சி வெயிலில் தெருவே அடைத்துக்கொண்டது.

சீனிச்சாமி தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு, "வா புள்ள, போயிருவோம்" என்றான். அவள் மூடைமேல் காலாட்டிக்கொண்டிருந்தாள்.

பொன்னுராஜ் உள்ளே போய் மற்ற வியாபாரிகளோடு பேசிவிட்டு வந்தார். "சரி, ஒம் மகனுக்கு உபகாரச் சம்பளம் உண்டு. எறங்கு."

"உபகாரமா? ஆரு ஆருக்குச் செஞ்ச உபகாரம்? பங்குன்னு சொல்லுங்க, எறங்குறேன்."

பொன்னுராஜ் தெருவைப் பார்த்தார். மாடுகள் அவர் கடைவாசலில் சாணி போட்டுக்கொண்டிருந்தன.

"பங்குதான்," என்றார்.

"சத்தமாச் சொல்லுங்க அண்ணாச்சி. பின்னால நிக்கிறவுகளுக்குக் கேக்கல."

கர்ணன் மதுரைக்குப் போனான். அவன் படித்து முடித்த பிறகும், "இந்த வருசம் மகமைக் காசுல ஆரு புள்ள படிக்குது?" என்று கேட்காமல் அந்த மண்டியில் அவள் ஒரு மூடையும் நிறுக்க விட்டதில்லை.