மில்லிக்கனிலிருந்து ரிக்கெட் கோட்டுக்கு: நின்றதற்கு வந்த வழக்கு

அன்றைக்கு அந்த அறைக்குள் இருந்தவர்களை முதலில் எழுதிவிடுகிறேன். பிறகு யாரும் மாற்றிச் சொல்லக்கூடாது. நான், நாகேஸ்வரி, வயது எழுபத்தெட்டு. எனக்கு அபராத ரிக்கெட் எழுதிய மொட்டைத்தலைப் பொலிஸ்காரர். அவர் பக்கத்து வழக்கறிஞர், இருமிக்கொண்டே இருந்த ஒரு பெண். மேலே சமாதான நீதவான், கட்டையாக வெட்டிய நரைமுடி அம்மா. அவருக்குக் கீழே பதிவுக்காரி. மொழிபெயர்க்க வந்த வித்யா, கோயம்புத்தூர்ப் பிள்ளை. பின் வரிசை வாங்கில் என் மூத்த மகன் சுகந்தன். அவ்வளவு பேர்தான். எட்டாம் வகுப்போடு நின்றவள் நான்; ஆனால் ஒருவர் சொன்ன சொல்லை விடமாட்டேன்.

ரிக்கெட் வந்தது போன வருசம் மார்ச் மாதம், ஒரு வெள்ளிக்கிழமை காலை ஆறு இருபதுக்கு. என் மனுசனுக்குக் கிழமையில் மூன்று நாள் டயலிசிஸ். நான்தான் கார் ஓடிக்கொண்டு போவேன். மில்லிக்கனில் எங்கள் வீட்டிலிருந்து இரண்டாவது ஸ்ரொப் சைனில் நின்றேன். முழுதாக நின்று மூன்று எண்ணினேன். மூலையில் ஆள் உயரத்துக்குப் பனி குவித்திருந்தார்கள். எட்டிப் பார்க்கக் கொஞ்சம் முன்னே எடுத்தேன். குறுக்கே வந்த ஒரு வான் வண்டியின் மூலை என் காரில் உரசியது. ஒருவருக்கும் காயமில்லை. வந்த பொலிஸ்காரர் நான் நிற்காமல் வந்ததாக எழுதினார். வான் வந்ததை நான் காணவில்லை என்று எனக்குத் தெரிந்த இங்கிலிசில் சொன்னேன். ஆனால் நல்ல மனுசன். என் மனுசன் குளிரில் நடுங்குவதைப் பார்த்துவிட்டுத் தன் காருக்குள் ஹீற்றரைப் போட்டு, ரக்சி வரும்வரை இருத்தி வைத்திருந்தார். முகம் சுளித்து ஒரு சொல் சொல்லவில்லை.

ரிக்கெட் நூற்றிப் பத்து டொலர். கட்டிவிட்டுப் போகலாமே என்று கேட்பீர்கள். எழுபது தாண்டியவர் இடிபட்டு, அதில் குற்றமும் காணப்பட்டால், லைசன்ஸ்காரர் திரும்பவும் ஓட்டச் சோதனைக்குக் கூப்பிடலாம். நான் லைசன்ஸ் எடுத்ததே நாலு தரம் தவறி ஐந்தாம் தரத்தில், அதுவும் இருபத்தேழு வருசத்துக்கு முந்தி. காசைக் கட்டினாலே குற்றத்தை ஒப்புக்கொண்ட மாதிரி. லைசன்ஸ் போனால் இவரை நேர்சிங் ஹோமில் விடவேண்டும். அதனால் பதினைந்து நாளுக்குள் விசாரணை கேட்டு எழுதிப் போட்டேன். மொழி என்ற கட்டத்தில் தமிழ் என்று போட்டேன். பத்து மாதம் கழித்து, ஜனவரியில், காலை ஒன்பது மணிக்குத் தவணை வந்தது.

காலை ஆறே முக்காலுக்குக் கென்னடி, ஸ்ரீல்ஸ் சந்தியில் பஸ் ஏறினேன். வயது போனவர்களுக்கு இரண்டு டொலர் இருபத்தைந்து சதம். இரண்டு மணித்தியாலத்துக்குள் எத்தனை தரமும் மாறலாம். சாரதி எங்கட பெடியன்.

"என்ன அன்ரி, விடியவெள்ளன எங்க பயணம்?"

"கோட்டுக்கு."

"ஐயோ, ஆரை வெட்டினனீங்கள்?"

"ஸ்ரொப் சைனில நிக்கேல்லையாம்."

"உதுக்கே இந்தக் குளிருக்க டவுன்ரவுனுக்கு? காசைக் கட்டிப்போட்டுப் போர்த்துக்கொண்டு படுக்கிறதை விட்டிட்டு!"

"நிக்காதவை கட்டட்டும், தம்பி."

சிரித்தான். இறங்கும்போது பஸ்ஸை நடைபாதையோடு ஒட்டி நிறுத்தித் தந்தான். ஏழரைக்குக் கென்னடி ஸ்ரேசன். அங்கிருந்து சப்வே, யங் ஸ்ரேசனில் மாறித் தெற்குப் பக்கம். எட்டு இருபதுக்கு இறங்கி, உப்புத் தண்ணீர் தேங்கிய நடைபாதையில் பத்து நிமிட நடை. வீட்டிலிருந்து முப்பது கிலோமீற்றர் வரும். வாசலில் பையைத் திறந்து பார்ப்பார்கள். தேங்காய் வெட்டுகிற கத்தி வைத்திருக்கிறவர்கள் வீட்டிலேயே விட்டுவிட்டு வாருங்கள். எனக்கு முன்னால் ஒரு அம்மா அதற்காகவே திரும்பிப் போனார்.

சுகந்தன் பிறம்ரனில் இருந்து ரெயினில் வந்து வாசலில் நின்றான். வேலை பார்க்கிற வெயாஹவுசில் லீவு போட்டிருந்தான். எனக்குக் கோப்பி வாங்கி வைத்திருந்தான். சந்தோசப்பட்டேன், மறைக்கவில்லை.

வித்யா நடைகூடத்தில் வந்து கும்பிட்டார். "பாட்டி, பயப்படாதீங்க. நீங்க தமிழ்ல சொல்லுங்க, அப்படியே நான் இங்கிலீஷ்ல சொல்லிடறேன்." நல்ல பிள்ளையாகத்தான் தெரிந்தது.

பத்து நாற்பதுக்குக் கூப்பிட்டார்கள். பொலிஸ்காரர் முதலில் சொன்னார். நான் நிற்கவில்லையாம். என்னோடு ஐந்து நிமிடம் கதைத்ததாகவும், வானைக் காணவில்லை என்று நானே சொன்னதாகவும் தன் குறிப்புக் கொப்பியைப் பார்த்துச் சொன்னார். பிறகு நான். நின்றேன், மூன்று எண்ணினேன், பனிக்குவியல் மறைத்தது என்றேன். நீதவான் அம்மா தலையாட்டி எழுதினார். பனிக்குவியல் எவ்வளவு உயரம் என்று அவரே கேட்டார். நம்புகிறார் என்று நினைத்தேன்.

இருமல்காரி எழும்பி ஏதோ கேட்டார். வித்யா என் பக்கம் திரும்பினார்.

"அன்னிக்குப் போலீஸ் உங்ககிட்ட பேசினாரா?"

"இல்லைப் பிள்ளை. பேசேல்லை."

இருமல்காரி நிமிர்ந்து பார்த்தார். இன்னொரு தரம் கேட்கச் சொன்னார்.

"எதுவுமே பேசலையா?"

"ஒண்டும் பேசேல்லை."

"ஒரு வார்த்தைகூட?"

"ஒரு சொல் பேசேல்லை. சத்தியமா."

பொலிஸ்காரர் என்னையே பார்த்தார், காது சிவந்தது. புகழ்ந்ததில் வெட்கம் என்று நினைத்தேன். நீதவான் அம்மா பேனையைக் கீழே வைத்தார். நடந்த உரையாடலையே சத்தியம் பண்ணி மறுக்கிறவரின் மற்றச் சொல்லை நம்ப முடியாதாம். குற்றவாளி. எல்லாம் பதினெட்டு நிமிடம்.

இந்தியாவில் இருந்து வாசிக்கிறவர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். இலங்கைத் தமிழர் எங்களுக்கு உரையாடுவது என்றால் கதைக்கிறதுதான். பேசினார் என்றால் ஏசினார், திட்டினார் என்று அர்த்தம். ரிவி நாடகத்தில் பேசுவது எனக்கும் விளங்கும். அந்தக் கூண்டில் நிற்கும்போது என் ஊர்ச் சொல்தான் காதில் விழுந்தது. ஆனால் அந்த நேரம் இது எனக்கே தெரியாது. லிப்ற்றுக்குக் காத்து நிற்கும்போதுதான் சுகந்தன் சொன்னான்.

"அம்மா, அந்தப் பிள்ளை கேட்டது அவர் கதைச்சவரோ எண்டு. நீங்கள் ஏசேல்லை எண்டு சொன்னியள். அவ கதைக்கேல்லை எண்டு மாத்திச் சொன்னவ."

"உனக்கு எப்ப விளங்கினது?"

லிப்ற் வந்து திறந்து மூடிப் போனது.

"முதல் தரமே."

"மூண்டு தரம் கேட்டவையடா. ஒருக்கா எழும்பிச் சொல்லியிருக்கலாமே?"

"அம்மா, நாளைக்கு ஆரையும் அடிச்சால்? அப்பாவையும் ஏத்திக்கொண்டு எங்கையும் மோதினால்? நான் சொல்லி நீங்கள் கார் ஓடுறதை விடமாட்டியள். அவை நிப்பாட்டட்டும் எண்டு விட்டன்."

கோப்பிக் கோப்பையை அவன் கையில் கொடுத்துவிட்டு படியால் இறங்கினேன். நான்கு மாடி.

இப்படிப் போகிறவர்களுக்குச் சில விசயம். படிவத்தில் தமிழ் என்று மட்டும் போடாதீர்கள்; இலங்கைத் தமிழ் என்று எழுதுங்கள். மொழிபெயர்ப்பாளரோடு முதலே கொஞ்சம் கதைத்துப் பாருங்கள், அவருடைய சொல் உங்களுக்கும் உங்களுடைய சொல் அவருக்கும் விளங்குதா என்று. ஒரே கேள்வியை இரண்டாம் தரம் கேட்டால் பதில் சொல்லாமல், விளங்கவில்லை என்று கையைத் தூக்குங்கள். மேல்முறையீட்டுக்கு முப்பது நாள் உண்டு. கூட வந்தவர் கேட்டதை எழுதித் தந்தால் உதவும் என்றார்கள். சுகந்தனைக் கேட்டேன், என் வாயால் கேட்டேன். பாப்பம் என்றான். முப்பது நாளும் போனது.

சோதனைக்குக் கடிதம் வந்தது. போனேன், தோற்றேன். இவர் இப்போது பிறம்ரனில் ஒரு நேர்சிங் ஹோமில். மில்லிக்கனில் இருந்து மூன்று பஸ், போக இரண்டு மணித்தியாலம் பத்து நிமிடம். போனால், கார் எங்கே விட்டனீர் என்று கேட்கிறார்.

பொலிஸ்காரரில் எனக்குக் கோபம் இல்லை. கண்டதாக நினைத்ததைச் சொன்னார். நீதவான் அம்மா காதில் விழுந்ததை வைத்து முடிவெடுத்தார். வித்யா தனக்குத் தெரிந்த தமிழில் கேட்டார், எனக்குத் தெரிந்த தமிழில் சொன்னேன். அந்தப் பிள்ளை நன்றாக இருக்கட்டும். இரண்டு தமிழும் தெரிந்து, இங்கிலிசும் தெரிந்து, மூன்று தரமும் கேட்டுக்கொண்டு வாய்மூடி இருந்தவன் ஒருவன்தான். அவனை மன்னிக்கமாட்டேன். நான் பெற்ற சுகந்தன்.