கண்ணு உன்னுதுதானா?

கண்ணைப் படம் பிடித்து ஆளை அடையாளம் சொல்லும் மெஷினைப் பொருத்துவது என் தொழில். திட்டு வாங்குவதும் அதில் சேர்த்தி. ரேகை விழாமல், ஓடிபி வராமல் வரிசையில் நின்று நொந்துபோன உங்களுக்குச் சொன்னால் புரியும்.

ஏசி ரூமில் எடுத்த படங்கள்

திருப்பதியில் ஆபீஸ், வேலை சத்தியவேடு பக்கம் ஒரு ஃபேக்டரியில். எங்கள் கேமரா ஒரே கண்ணைப் பலவித வெளிச்சத்தில் எடுக்கும். சாதா வெளிச்சத்தில் புருவமும் இமையும் துலங்கும்; அகச்சிவப்பில் கருவிழியின் கோடுகள் தெரியும். எல்லாவற்றையும் சேர்த்துத்தான் ஆள் யாரென்று முடிவு செய்யும். சோதனைக்கு எங்கள் மேனேஜர் கூட்டி வந்ததெல்லாம் ஆபீஸ் ஆட்கள். "லைன்ல வேலை செய்யற பொம்பளைங்களையும் எடுக்கணும் சார். வெயில்ல பஸ் இறங்கி வர்ற கண்ணு சுருங்கிக்கினு இருக்கும்" என்றேன். அவர் செல்போனிலிருந்து நிமிரவே இல்லை. "கண்ணு கண்ணுதாம்மா. அதுல ஏசி கண்ணு, வெயில் கண்ணுன்னு இருக்கா?"

தேவகியின் புருவம்

மாஸ்க்கும் தொப்பியும் போட்டு வேலை செய்கிற இடம். கேட்டில் கண்தான் அடையாளம். மெஷின் வைத்த மூன்றாம் வாரம், தேவகிக்கு மூன்று தரம் சிவப்பு விளக்கு எரிந்தது. முந்தின நாள் கேஸ் அடுப்பு குப்பென்று பற்றியதில் அவளுக்கு ஒரு புருவம் கருகி, இமை வீங்கியிருந்தது. "வேற ஆளோட கார்டுல வந்திருக்கா" என்று கேட் அதிகாரி கார்டைப் பிடுங்கிக்கொண்டார். கூட வேலை செய்கிறவர்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டே உள்ளே போனார்கள். போலீசைக் கூப்பிடுவேன் என்று வேறு மிரட்டல். மெஷினைப் பார்க்க என்னைக் கூப்பிட்டார்கள். நான் போய்ச் சேர்ந்தபோது பதினோரு மணி. அவள் கேட்டிலேயே வெயிலில் நின்றிருந்தாள். அழவில்லை. அதிகாரியைப் பார்த்துக் கேட்டாள்: "நான் தேவகி இல்லன்னா, காலைலேர்ந்து யாரை நிக்க வெச்சிக்கினு இருக்கீங்க?"

திறந்து காட்டினேன்

லேப்டாப்பில் அவள் பதிவைத் திறந்தேன். அகச்சிவப்பில் இரண்டு கருவிழியும் அச்சாகப் பொருந்தியிருந்தன. பொருந்தாதது புருவமும் இமையும்தான். கருகிப்போகிற புருவத்துக்கும் மாறாத கருவிழிக்கும் நாங்கள் சம மதிப்பு கொடுத்து வைத்திருந்தோம். தப்பு எங்களுடையது. மேனேஜருக்குப் போன் செய்தால், "அதெல்லாம் அவங்ககிட்ட காட்டாதே, காண்ட்ராக்ட் போயிடும்" என்கிறார். போனை வைத்துவிட்டு, லேப்டாப்பை அதிகாரி மேஜைக்கே தூக்கிக்கொண்டு போய்ப் பழைய படத்தையும் புதிய படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன்.

கார்டு திரும்பி வந்தது; மன்னிப்பு வரவில்லை. "சரேலே, லோபலிக்கி போ" என்று தெலுங்கில் அவளை உள்ளே போகச் சொன்ன அதிகாரி, "ஒரு டாக்டர் சர்டிபிகேட் மட்டும் கொண்டா" என்றார். தேவகி மாஸ்க்கை மாட்டிக்கொண்டே என்னிடம் சொன்னாள்: "புருவம் முளைச்சிடும்க்கா. இங்க நின்னது போவுமா?"

அன்றைக்கே மதிப்பை மாற்றினேன். அந்த வாரமே லைன் பெண்கள் எல்லாரையும் கேட்டு வெயிலிலேயே மறுபடி படம் எடுத்தேன். ஆபீஸ் அனுமதி இல்லாமல் செய்ததற்கு மெமோ வந்தது.

கருவிழிக் கோட்டைக்கூடப் படித்துவிடுகிற மெஷினுக்கு டெண்டர் விடுகிறார்கள். எதிரே நிற்கிற மனுஷியைப் பார்க்கத் தெரிந்த அதிகாரிக்கு இன்னும் யாரும் விடவில்லை.